கேட்காமல் எடுத்த படம்

கோலா கங்சாருக்கு வருபவர்கள் படம் எடுக்காமல் திரும்புவது அரிது. புக்கிட் சண்டானில் 1917இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம், 1877இல் நடப்பட்டு இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நின்றுகொண்டிருக்கும் பழைய ரப்பர் மரம், பேராக் ஆற்றோரத்துச் செண்டோல், லக்சா கடைகள் என எல்லாமே நாள்தோறும் எத்தனையோ திறன்பேசிகளில் பதிவாகின்றன. அந்தப் படங்களின் ஓரத்தில் முன்பின் அறியாத மனிதர்களும் இருப்பார்கள். குடை பிடித்துச் செல்லும் மூதாட்டி ஒருவர், பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவன், பாதி கடித்த பலகாரத்துடன் ஒரு சிறுமி. இதை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. குவிமாடத்தைப் படமெடுத்தவருக்கு அந்த மூதாட்டி யார் என்று தெரியாது. படத்தைப் பார்ப்பவரின் கண்ணும் அவரிடம் நிற்பதில்லை.

வேறொரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், மருத்துவமனைக்குப் போய்வந்த அசதியில் பேருந்து நிலைய இருக்கையில் வாய் திறந்தபடி உறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் இளைஞர் ஒருவர் அதைப் பன்னிரண்டு விநாடிக் காணொலியாக எடுக்கிறார். அதனுடன் நகைச்சுவைப் பாடல் ஒன்றைச் சேர்த்து டிக்டாக்கில் பதிவேற்றுகிறார். அன்று மாலையே அது புலனக் குழுக்களில் சுற்றி, பாட்டியின் பேரன் படிக்கும் வகுப்புக்கும் வந்து சேர்கிறது. பாட்டிக்கு அடி விழவில்லை; அவருடைய பணமும் களவு போகவில்லை. அவர் இருந்ததோ எல்லாரும் வந்துபோகும் பொது இடம். அங்கிருந்த இருபது பேரும் அவர் உறங்கியதைப் பார்த்திருப்பார்கள். அப்படியானால் அந்த இளைஞர் செய்த தவறு என்ன?

இக்கேள்விக்கு விடை சொல்வது பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு எளிதன்று. "பொது இடத்தில் இருப்பவருக்கு ஏது அந்தரங்கம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தரங்கம் என்றவுடன் பூட்டிய அறை, ஒட்டிய கடிதம், மூடிய நாட்குறிப்பு ஆகியவையே மனத்தில் எழுகின்றன. வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அந்தரங்கமும் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது அவர்களுடைய எண்ணம்.

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்கள் இதை அவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோலா கங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர்கள் வாழ்ந்த லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு சுவர்தான். இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டுக்குக் கேட்கும். பொதுக் குழாயடியில் எல்லாருடைய செய்தியும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பூட்டிய கதவை வைத்து அளந்தால் அங்கே அந்தரங்கமே இருந்திருக்க முடியாது. ஆனால், அது வேறு வகையில் காக்கப்பட்டது. பக்கத்து வீட்டு அழுகை காதில் விழுந்தாலும் விழாததுபோல் இருப்பார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியுடன் வருபவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண்டும் காணாமல் இருப்பது அங்கே ஒரு நாகரிகமாகவே இருந்தது. தெரிந்த செய்தியும் தோட்டத்து எல்லையைத் தாண்டிப் போவதில்லை. அதை அறிந்தவர்கள், அந்த மனிதரின் நல்ல பக்கத்தையும் சேர்த்தே அறிந்தவர்கள். குடித்துவிட்டு ஒருநாள் வழியில் விழுந்துகிடந்தவர், அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் முன்னின்று உழைத்தவர் என்பதும் அவர்களுக்குத் தெரியும். (வம்பு பேசுபவர்களே இல்லை என்று இதற்குப் பொருளன்று. வம்புக்கும் ஓர் எல்லை இருந்தது.)

கேமரா இந்த எல்லையைத்தான் அழிக்கிறது. தெருவில் ஒருவரை நூறு பேர் பார்க்கலாம். ஆனால், பார்த்தவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். சிறிது நேரத்தில் மறந்தும் விடுகிறார்கள். கூட்டத்தில் பெயரற்றவராக நடந்துபோகும் இந்த நிலையே பொது இடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் அந்தரங்கம். காணொலி அந்த ஒரு கணத்தை அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றிலிருந்து வெட்டியெடுத்து, அவரை அறியாதவர்கள் முன் வைக்கிறது. மறதி அதற்கு இல்லை. பேருந்து நிலையத்தில் இருபது பேர் முன் உறங்கப் பாட்டி மறைமுகமாக உடன்பட்டிருக்கலாம். இரண்டு இலட்சம் பேர் முன் உறங்க அவர் உடன்படவில்லை.

இந்தச் சிக்கல் திறன்பேசியுடன் பிறந்ததன்று. 1888இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலிருந்து கோடாக் நிறுவனம் கையடக்கக் கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு படம் எடுப்பதென்றால் முக்காலியும் கண்ணாடித் தகடுகளும் நீண்ட நேரமும் வேண்டும். எடுக்கப்படுபவர் ஒத்துழைத்து அசையாமல் இருக்க வேண்டும். கோடாக் வந்தபின் பொத்தானை அழுத்தினால் போதும். கடற்கரையில் குளிப்பவர்களையும் பூங்காவில் அமர்ந்திருப்பவர்களையும் அவர்களுக்குத் தெரியாமலேயே படமெடுப்பவர்கள் பெருகினர். இரண்டே ஆண்டுகளில், 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினர். நொடியில் எடுக்கும் புகைப்படமும் வம்பு பரப்பும் செய்தித்தாளும் சேர்ந்து இல்லத்தின் எல்லைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களின் கவலை. தன்னை விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அவர்கள் வாதிட்டனர். இன்றைய அந்தரங்கச் சட்டங்கள் பலவற்றின் வேர் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

சட்டம் உடனே அவர்கள் பக்கம் வந்துவிடவில்லை. கோடாக் பிறந்த அதே ரோச்செஸ்டரைச் சேர்ந்த பெட்டித் தயாரிப்பு நிறுவனம் ஒன்று, இளம்பெண் ஒருவரின் படத்தை அவரிடம் கேட்காமல் கோதுமை மாவு விளம்பரத்தில் அச்சிட்டது. சுமார் 25,000 பிரதிகள் கடைகளிலும் பொது இடங்களிலும் தொங்கின. வெட்கத்தால் நோயுற்ற அந்தப் பெண் தொடுத்த வழக்கை 1902இல் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்படியொரு உரிமை சட்டத்தில் இல்லை என்பதே காரணம். மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே, ஒருவரின் படத்தை அவருடைய எழுத்துவழி அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

ஜெர்மனியில் சட்டம் பிறந்த கதை இன்னும் கசப்பானது. 1898 ஜூலை இறுதியில் முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இறந்த இரவில், இரண்டு புகைப்படக்காரர்கள் அவருடைய வீட்டுக்குள் நுழைந்து சடலத்தைப் படமெடுத்து விற்க முயன்றனர். பேரரசையே உருவாக்கிய மனிதர், இறந்தபின் தம் முகத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் கிடந்தார். அவர்கள் வீடு புகுந்ததைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. படம் எடுத்ததைக் கேட்க நேரடியான சட்டம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப 1907இல் வந்த சட்டம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் உருவத்தை வெளியிட அவருடைய உடன்பாடு வேண்டும் என்பது அதன் அடிப்படை. இயற்கைக் காட்சியிலோ கட்டடத்தின் படத்திலோ தற்செயலாகப் பக்கத்தில் வந்துவிட்டவர்களுக்கு அது விலக்கு அளிக்கிறது. உபுடியா பள்ளிவாசலின் முன் குடைபிடித்துச் செல்லும் மூதாட்டிக்கும் பேருந்து நிலையத்தில் உறங்கும் பாட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது.

அதே காலத்தில் மலாயாவில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் 1867இல் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லேம்பர்ட் நிறுவனம், இவ்வட்டாரத்தின் காட்சிகளையும் மக்களையும் படமெடுத்து ஐரோப்பியர்களுக்கு விற்றது. மேடானில் இருந்த கிளெய்ன்குரோத் என்னும் ஜெர்மானியப் புகைப்படக்காரர் 1907 வாக்கில் மலாய்த் தீபகற்பத்தைப் பற்றிய பெரிய படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஞ்சலட்டை மோகம் பெருகியபோது, மூக்குத்தி அணிந்த தமிழ்ப் பெண்கள், தலைப்பாகை கட்டிய தொழிலாளர்கள், இடுப்பில் குழந்தையுடன் நிற்கும் தாய்மார்கள் எல்லாரும் அட்டைகளில் ஏறிக் கடல் கடந்தனர். அட்டையின் கீழே அவர்களின் பெயர் இராது. "தமிழ்ப் பெண்", "தமிழ்க் கூலிகள்" என்பதுபோல் இனப்பெயர் ஒன்றே அச்சாகியிருக்கும். ஐரோப்பிய நிர்வாகி தம் படத்தைப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டார். அதன் கீழ் அவர் பெயர் இருந்தது. தொழிலாளியின் படத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர் வேறொருவர். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அட்டையைக் கண்ணால் கண்டிருக்கவே வாய்ப்பில்லை.

அந்தப் படங்களை வெறுத்து ஒதுக்கவும் முடியவில்லை என்பதுதான் வியப்பு. அக்காலத் தோட்டத் தொழிலாளர்கள் எப்படி உடுத்தினார்கள், எந்தக் கருவியைப் பிடித்தார்கள், எத்தகைய குடியிருப்பில் வாழ்ந்தார்கள் என்பதை அறிய அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளில் அவையும் அடங்கும். ஒரு படம் எடுக்கப்பட்ட முறை தவறாக இருந்து, பின்னாளில் அது பயன் தருவதும் உண்டு. ஆனால், பயன் தந்தது என்பதால் கேட்காமல் எடுத்தது சரியாகிவிடாது. நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் கொள்ளுப்பேத்தி, அது தன் பாட்டிதான் என்று அறிய வழியின்றிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள்.

இன்றைய மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவதும் பயனுள்ளது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தில் 'அந்தரங்கம்' என்ற சொல் தனி உரிமையாக எழுதப்படவில்லை. எனினும், அதன் 5ஆம் பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் 2010இல் கூட்டரசு நீதிமன்றம் குறிப்பிட்டது. அரசியலமைப்பின் உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கும் குடிமகனுக்கும் இடைப்பட்டவை. திறன்பேசியுடன் எதிரே நிற்கும் மற்றொரு குடிமகனை அவை நேரடியாகக் கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி.

நீதிமன்றங்களின் விடையும் ஒரே திசையில் செல்லவில்லை. பாலர் பள்ளிக்கு வெளியே திறந்த வெளியில் எடுக்கப்பட்ட மாணவர்களின் படம், செய்தித்தாள் விளம்பரத்தில் வெளிவந்தது தொடர்பான பழைய வழக்கு ஒன்றில், அந்தரங்க மீறல் என்பது வழக்குத் தொடுக்கத்தக்க தவறாக நம் சட்டத்தில் ஏற்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. பொது இடத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதும் அங்கே கருத்தில் கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் காற்று சற்று மாறியது. பக்கத்து வீட்டின் முன்புறத்தை நோக்கிப் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமரா பற்றிய வழக்கில், ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் கேமராவால் நோக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்றது. அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் ஒருவர் நோயாளியின் உடலை அவருக்குத் தெரியாமல் படமெடுத்த வழக்கில், அந்தரங்க மீறலுக்கு வழக்குத் தொடுக்கலாம் என்று பினாங்கு உயர் நீதிமன்றம் ஏற்றது. இவ்விரண்டும் வீடு, மருத்துவமனை ஆகிய இடங்களில் நிகழ்ந்தவை. பேருந்து நிலையமும் இரவுச் சந்தையும் இன்னும் தெளிவற்ற நிலத்திலேயே இருக்கின்றன.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களும் சில உண்டு. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளில் கையாளப்படும் தரவுகளைக் காப்பது. ஒருவர் தம் சொந்தப் பொழுதுபோக்குக்காக எடுக்கும் படத்தை அது தொடுவதில்லை. ஒருவரின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கில் அவரின் அந்தரங்கத்தில் ஊடுருவுவதைத் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். மாடிப்படியின் கீழிருந்தோ உடை மாற்றும் அறையிலோ திருட்டுத்தனமாக எடுக்கப்படும் படங்களுக்கு இப்பிரிவு பொருந்தும். பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் ஆபாசமான, பொய்யான, மிகவும் புண்படுத்தும் உள்ளடக்கத்தை இணையத்தில் பரப்புவதை 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு தடுக்கிறது. நீதிமன்ற வழக்கில் தொடர்புடைய சிறுவர்களின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதைச் சிறார் சட்டம் 2001 தடைசெய்கிறது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தங்கள், தொல்லை கொடுக்கும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதையும் குற்றமாக்கியுள்ளன.

இத்தனை சட்டங்களையும் அடுக்கி வைத்தாலும், உறங்கும் பாட்டியின் காணொலி இவற்றுள் எதிலும் எளிதில் சிக்காது. அதில் ஆபாசம் இல்லை, பொய் இல்லை, வணிகமும் இல்லை. துன்புறுத்தும் நோக்கம் இல்லை, சிரிக்கத்தான் எடுத்தேன் என்று அந்த இளைஞர் உண்மையாகவே சொல்லலாம். சட்டத்தின் வலை பெரிய மீன்களுக்காகப் பின்னப்பட்டது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. மான்ட்ரியால் நகரில் ஒரு கட்டடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணை ஒரு கலைஞர் படமெடுத்தார். அது கலை இதழ் ஒன்றில் வெளிவந்தது. படத்தில் இழிவான எதுவும் இல்லை, அழகான படம்கூட. ஆனால், நண்பர்கள் அதைக் கண்டு கேலி செய்தனர். வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கியூபெக் மாநிலச் சட்டத்தின்படி ஒருவரின் உருவம் அவருடைய அந்தரங்கத்தின் ஒரு பகுதி என்றும், அதை வெளியிட அவரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்றும் 1998இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 2,000 டாலர்தான். நீதிமன்றம் எடுத்ததையும் வெளியிட்டதையும் ஒன்றாகக் குழப்பவில்லை. வெளியிட்டதையே தவறாகக் கண்டது.

தமிழகத்திலும் இது நீதிமன்றம் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, பிறரைத் திடுக்கிட வைத்தும் கேலிப்பொருளாக்கியும் எடுக்கப்படும் குறும்புக் காணொலிகளையும் கண்டித்தது. மூன்றாமவர் ஒருவரின் கேலிக்கு எவரையும் ஆளாக்குவது அந்தரங்க மீறல் என்பது நீதிபதிகளின் கருத்து. தடை அதே மாத இறுதியில் நீக்கப்பட்டது.

கேலி செய்வது தவறு என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். நல்லது செய்வதைப் படமெடுத்தால்? 2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரப் பேரங்காடி ஒன்றில் தனியே காப்பி அருந்திக்கொண்டிருந்த மூத்த பெண்மணியிடம் ஓர் இளைஞர் வந்தார். தாம் மேற்சட்டை அணியும் வரை கையிலுள்ள பூச்செண்டைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டார். பிறகு அதை அவரிடமே விட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லி நகர்ந்தார். சற்றுத் தொலைவில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. காணொலியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். தனிமையில் வாடும் முதியவருக்குக் கிடைத்த அன்பு என்று எண்ணிக் கண் கலங்கினர். அந்தப் பெண்மணியோ பின்னர் வானொலியில் மனம் நொந்து பேசினார். அவர் தனிமையில் வாடவில்லை. அமைதியாக இருக்க விரும்பினார். அந்த அமைதி குலைந்தது. வயதான பெண் என்றால் பூவைக் கண்டதும் மகிழ்ந்துவிடுவாள் என்று பிறர் கருதியது அவரைத் தம் மனிதத்தன்மை பறிக்கப்பட்டவர்போல் உணரச் செய்தது. காணொலியால் கிடைத்த புகழில் அவருக்குப் பங்கு இல்லை.

இதைப் படிக்கும்போது உள்ளூர்க் காட்சி ஒன்று நினைவுக்கு வராமல் இராது. தீபாவளி நெருங்கும்போது வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பலகாரப் பொட்டலம் வழங்கும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. உதவி உண்மையானது, தேவையும் உண்மையானது. ஆனால், பொட்டலத்தின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்தபடி கேமராவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "படம் வேண்டாம்" என்று சொல்ல அந்தத் தாய்க்கு உரிமை உண்டு. ஆனால், சொன்னால் அடுத்த முறை பட்டியலில் தம் பெயர் இருக்குமா என்ற அச்சமும் உண்டு. மறுக்க முடியாத இடத்தில் பெறப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்வது கடினம். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அமைப்பாளர்களின் நியாயமான தேவைதான். அதற்குப் பொருள்களின் படம் போதும்; பெறுபவரின் முகம் தேவையில்லை. அதைவிட, அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது.

தவறு செய்தவரைப் படமெடுத்து அம்பலப்படுத்துவது சரியா என்பது அடுத்த கேள்வி. தென்கொரியாவின் சியோல் நகரில் 2005இல், இரயிலில் தம் நாய் அசுத்தம் செய்ததைத் துடைக்க மறுத்த இளம்பெண்ணை ஒரு பயணி படமெடுத்து இணையத்தில் ஏற்றினார். அவர் செய்தது தவறுதான். ஆனால், சில நாள்களுக்குள் அவருடைய பெயரும் குடும்ப விவரங்களும் தேடி எடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. அவர் பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டதாகச் செய்திகள் வந்தன. துடைக்காமல் விட்ட குற்றத்துக்கு ஒரு தண்டத்தொகை போதுமானதாக இருந்திருக்கும். தண்டத்தொகையைக் கட்டியவுடன் அது முடிந்துவிடும். இணையத் தண்டனைக்கு முடிவு குறிக்கப்படுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பொது இடத்தில் பிறரைப் படமெடுக்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்தால் அது பெரும் தவறாகும். 2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவரின் கழுத்தில் காவலர் ஒருவர் முழங்காலை அழுத்தியதை, அவ்வழியே வந்த டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் தம் திறன்பேசியில் பதிவு செய்தார். காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் குறைவால் நேர்ந்த மரணம்போல் விவரித்திருந்தது. அந்தப் பதிவு இல்லையென்றால் உண்மை வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. 2021இல் புலிட்சர் வாரியம் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அதிகாரம் உடையவர் தம் கடமையைச் செய்யும்போது பதிவாவதும், அதிகாரம் ஏதுமற்றவர் உறங்கும்போது பதிவாவதும் ஒன்றல்ல. அதிகாரி தம் செயலுக்கு மக்களிடம் பொறுப்புச் சொல்ல வேண்டியவர். பாட்டி தம் உறக்கத்துக்கு யாருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியதில்லை.

திருவிழாக்களும் இப்படித்தான். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்பவர்கள், ஆயிரக்கணக்கானோர் பார்க்க நடக்கிறார்கள். ஊர்வலத்தைப் படமெடுப்பதில் தவறில்லை. அது சமூகத்தின் ஆவணம். அதே ஊர்வலத்தில் அருள் வந்து மயங்கிச் சாய்ந்த பெண்ணின் முகத்துக்கு நேரே திறன்பேசியை நீட்டும்போது நிலைமை மாறிவிடுகிறது. இடமும் ஒன்றே, நாளும் ஒன்றே. ஆனால், அந்தக் கணத்தில் அவர் தம் உடையையோ முகத்தையோ கவனித்துக்கொள்ளும் நிலையில் இல்லை.

தம்மைக் காத்துக்கொள்ள முடியாத நிலைகளில் மிகக் கொடியது விபத்து. 2025 ஜூன் 9ஆம் நாள் அதிகாலையில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் பயணம் செய்த பேருந்து பேராக்கின் கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி, 15 மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்களின் படங்களைப் பகிர வேண்டாம் என்று அதிகாரிகள் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். பெற்றோரிடம் காவல்துறையோ மருத்துவமனையோ செய்தி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அமரச் சொல்வார்கள், அருகில் உறவினர் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், பிறகு சொல்வார்கள். புலனத்தில் வரும் படத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது தாய் சமையலறையில் தனியே நிற்கும்போதும் வரும். விபத்து நடந்த இடத்தில் நிற்பவர் 999 என்ற எண்ணை அழைக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் காணொலியைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே.

சட்டம் தெளிவாகும்வரை, முடிவு பெரும்பாலும் திறன்பேசி வைத்திருப்பவரின் கையில்தான் இருக்கிறது. படம் எடுப்பதற்கும் அதை வெளியிடுவதற்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். படத்தில் இருப்பவர் காட்சியின் ஓரத்தில் இருக்கிறாரா, அல்லது அவரே காட்சியா என்பதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவரே காட்சி என்றால் அவரிடம் கேட்கலாம். கேட்க முடியாத நிலையில் அவர் இருந்தால், அதாவது உறக்கத்திலோ மயக்கத்திலோ அழுகையிலோ இருந்தால், அதுவே விடை. சிறுவர் என்றால் அவரின் பெற்றோரைக் கேட்க வேண்டும். முகத்தை மங்கலாக்கும் வசதி இன்று பல திறன்பேசிகளில் உண்டு. பலர் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. தம் படத்தைக் கண்ட ஒருவர் நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் நீக்கிவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. தம் காணொலி அனுமதியின்றிப் பரவுவதை ஒரு மாணவர் கண்டால், அது இருக்கும் முகவரியையும் திரைப்பிடிப்பையும் சேமித்துக்கொண்டு அத்தளத்திலேயே புகார் செய்யலாம். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். தொல்லை தொடர்ந்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் காவல்துறையிடமும் செல்லலாம்.

கேட்பது கடினமான செயலுமன்று. கோலா கங்சாரிலிருந்து ஆற்றைக் கடந்தால் சாயோங் கிராமம். அங்கே லாபு சாயோங் என்னும் கரிய நீர்க்குடங்களைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சுட்ட குடத்தை உமியில் புதைத்துக் கறுப்பாக்கும் வேலை பார்க்கத் தகுந்தது, படமெடுக்கவும் தகுந்தது. "போலே சாயா அம்பில் கம்பார்?" என்று மலாயில் கேட்க நான்கு சொற்களே வேண்டும். அவர் தலையசைக்கலாம். "கையை மட்டும் எடுத்துக்கொள், முகம் வேண்டாம்" எனலாம். "சற்றுப் பொறு, சட்டை மாட்டிக்கொள்கிறேன்" என்று உள்ளே போய் வரலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, களிமண்ணைப் பிசையும் வேலையைத் தொடரவும் செய்யலாம்.